மேலே ஆறு, அடியில் கடல்: பொங்குமுகம் பற்றி ஓர் எளிய விளக்கம்

மார்ச் மாதம் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் உவர்த்தால் போதும், கொழும்பில் ஆளுக்கொரு விளக்கம் கிளம்பிவிடும். கடல் பொங்கி உள்ளே வந்துவிட்டது என்பார் ஒருவர், குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்பார் இன்னொருவர். களனி ஆற்றின் வாயில் நாலு மீன் செத்து மிதந்தால் யாரோ நஞ்சு விட்டுவிட்டான் என்று அன்றைக்கே தீர்ப்பு வந்துவிடும். ஆராய்ச்சி செய்கிறோம் என்று யாராவது படகில் போய்ப் போத்தலில் தண்ணீர் எடுத்தால், "இதைப் பார்க்கப் படிச்சவங்க வரணுமா?" என்று கரையில் நின்று சிரிப்பவர்களும் உண்டு. இவற்றில் சில பாதி சரி, சில முழுப் பிழை. எல்லாவற்றுக்கும் பொதுவாக விடுபட்டுப்போகிற விஷயம் ஒன்றுதான்: ஆறு கடலில் சேரும் இடத்தில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் நாம் நினைக்கிற மாதிரி உடனே கலந்துவிடுவதில்லை. அது பிடிபட்டால் மற்றது விளங்குவதற்கு அதிக நேரம் ஆகாது.

ஆற்று நீரும் கடல் நீரும் சந்திக்கும், வற்றுப்பெருக்கு எட்டுகிற ஆற்றின் கடைசிப் பகுதியைத்தான் பொங்குமுகம் என்கிறோம். இந்தியப் புத்தகங்களில் கழிமுகம் என்று போட்டிருப்பார்கள். வற்றுப்பெருக்கு என்பது சந்திரனும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டம் ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு தடவை ஏறி இறங்குவது; ஏறுவது பெருக்கு, இறங்குவது வற்று. கொழும்பு 15 பக்கம் இருப்பவர்களுக்குப் பொங்குமுகம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, ஒரு பக்கம் மட்டக்குளி, காக்கைதீவு, எதிர்ப்பக்கம் வத்தளை.

முதலில் ஒரு பலூடா

புறக்கோட்டையில் ஒரு பலூடா வாங்குங்கள். கிளாஸின் அடியில் ரோஸ் பாணி சிவப்பாகக் கிடக்கும், மேலே பால் நிற்கும். பாணி பாலை விடக் கனம் என்பதால் கரண்டி போட்டுக் கலக்காத வரைக்கும் அடியிலேயே இருக்கும், இரண்டும் உரசுகிற இடத்தில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று தெரியும். மேலால் உறிஞ்சினால் வெறும் பால். ஸ்ட்ரோவை அடி வரை இறக்கினால்தான் இனிப்பு வாயில் படும்.

ஆற்றுவாயிலும் நடப்பது அதுதான். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது, அதனால் ஒரு லீற்றர் ஆற்று நீரை விட அது 25 கிராம் அளவுக்குக் கனம். ஒரே கொள்ளளவில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதற்குப் பெயர் அடர்த்தி. 25 கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் ஒரு ஆறு அகலத்துக்குத் தண்ணீரைப் பிரித்து வைக்க அது தாராளமாகப் போதும். ஆற்று நீர் மேலே ஒரு படையாக, அதாவது ஓர் அடுக்காக, கடலுக்குப் போகும், அதே நேரத்தில் கடல்நீர் அதற்கு அடியால் ஆற்றுக்குள் ஏறும். ஒரே இடம், ஒரே நேரம், இரண்டு எதிர்த்திசை ஓட்டம். ஆற்றுவாயில் வலை போடுகிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை, வலையின் மேல்பாகம் ஒரு பக்கமும் அடிப்பாகம் மறுபக்கமும் இழுபடுவதை அவர்கள் கையாலேயே உணர்ந்திருப்பார்கள்.

உப்பு ஆப்பு

அடியால் ஏறும் அந்த உப்பு நீர் கடல் பக்கம் தடித்தும் உள்பக்கம் போகப் போக மெலிந்தும் இருக்கும். அதனால் அதற்கு உப்பு ஆப்பு என்று பெயர். அதன் நுனி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி, அந்த நுனி ஓர் இடத்தில் நிற்பதும் இல்லை.

அதைத் தள்ளுவது ஆறு. களனி சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து சுமார் 145 கிலோமீற்றர் ஓடி வருகிறது. தென்மேல் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்திலும் பிறகு ஒக்டோபர், நவம்பர் மழையிலும் தண்ணீர் பெருத்து வரும்போது ஆப்பைக் கடல் வரைக்கும் தள்ளிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை மலையில் மழை குறைவு, ஆற்றில் தள்ளுவதற்குப் பலம் இல்லை, ஆப்பு மெல்ல மெல்ல ஆற்றுக்குள் ஏறும். போயா என்கிற பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிப் பெருக்கு அதிகமாக இருக்கும் நாட்களில் இன்னும் கொஞ்சம் ஏறும்.

கரண்டி எங்கே என்று கேட்டால், வற்றுப்பெருக்குத்தான் கரண்டி. லண்டனில் தேம்ஸ் ஆற்றில் கடல்மட்டம் ஏழு மீற்றர் வரை ஏறி இறங்கும், அந்தக் கலக்கலில் மேல் நீர், அடி நீர் என்ற பேச்சே கிடையாது. கொழும்பில் பெரிய பெருக்கு நாளிலும் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்குக் குறைவு. கரண்டி சின்னது, ஆகவே இங்கே படைகள் குலையாமல் நிற்க வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இருக்கிற நன்றாகக் கலந்த ஆற்றுவாய்ப் படத்தை அப்படியே களனிக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உப்பு நீர் கனம், அடியால் வரும். ஆறு பலமாக இருந்தால் வெளியே தள்ளும், வறண்டால் விட்டுக்கொடுக்கும். நம்முடைய கடலின் பெருக்கு சிறியது, அதனால் இரண்டும் லேசில் கலக்காது.

குழாய் வரைக்கும் உப்பு வந்த கதை

கொழும்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் போகும் குடிநீரில் பெரும்பங்கு அம்பத்தலேயில் களனியில் இருந்து எடுக்கப்படுகிறது. அந்த இடம் ஆற்றுவாயில் இருந்து சுமார் 14 கிலோமீற்றர் உள்ளே. அவ்வளவு தூரம் கடல்நீர் ஏறுமா என்று நம்பாதவர்கள் உண்டு. ஏறும். அதற்குப் பெரிய காரணம் கடல் அல்ல, மணல்.

வீடும் மாடியும் பாலமும் கட்டுவதற்காகப் பல தசாப்தங்களாகக் களனியின் கீழ்ப்பகுதியில் மணல் அள்ளினார்கள். அள்ள அள்ள ஆற்றின் அடி பதிந்து, கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. அடியால் ஊர்ந்து வருகிற தண்ணீருக்கு இதை விட வசதியான பாதை வேண்டுமா? முன்பு மேடாக இருந்து மறித்த இடமெல்லாம் இப்போது பள்ளம். வறட்சிக் காலத்தில் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே ஆற்றுக்குக் குறுக்கே மணல்மூட்டை அடுக்கி மறிப்பதை நீர் வழங்கல் சபை ஆண்டுதோறும் செய்துவந்தது, பிறகு நிரந்தரத் தடுப்பே கட்ட வேண்டியதாயிற்று. ஆற்று மணலை அள்ளிக் கட்டிய நகரம், அந்த ஆற்றுத் தண்ணீர் உவர்க்காமல் இருக்க அதே மணலை மூட்டை கட்டி ஆற்றுக்குள் போட்டது. இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு கடல்நீர் கலந்தால் நாக்குக்குத் தெரியும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உப்பின் ஒரு பகுதியான குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் பலருக்கும் சுவை மாறியது தெரியும். கடல்நீரில் அது லீற்றருக்கு 19,000 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அப்படியானால் நூறு லீற்றர் ஆற்று நீரில் ஒன்றரை லீற்றர் கடல்நீர் கலந்தாலே போதும். ஆறு பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமல்தான் இருக்கும்.

இன்னொன்று. படிகாரம் போட்டுத் தெளிய வைப்பது, மணலில் வடிப்பது, குளோரின் போடுவது எதுவும் கரைந்த உப்பை எடுக்காது. வீட்டில் கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாக ஆக உப்பு கூடத்தான் செய்யும். கொதிக்க வைப்பது கிருமிக்கு.

செத்த மீனும் கெட்ட பெயரும்

மேலே நல்ல நீர் படர்ந்து நிற்கும்போது அடியில் இருக்கும் உப்பு நீருக்குக் காற்றோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. மீன் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்திருக்கிற ஒட்சிசனை. மேல் நீர் காற்றில் இருந்து அதை எடுத்துக்கொள்ளும், அடி நீருக்கு அந்த வழி இல்லை. அதோடு நகரத்துக் கால்வாய்கள் கொண்டுவரும் கழிவு அடியில் போய்ப் படிந்து அழுகும், அழுகுவதற்கும் ஒட்சிசன் செலவாகும். கொஞ்ச நாள் மழையும் இல்லை, கலக்கலும் இல்லை என்றால் அடி நீரில் ஒட்சிசன் தீர்ந்து, அங்கே இருக்கிற மீன் ஓட வழி இல்லாமல் சாகலாம். சில நேரம் முதல் மழை பெய்து அடியில் கிடந்த அந்த நீர் கிளறி மேலே வரும்போது சாகும்.

தொழிற்சாலைக் கழிவில் மீன் சாவதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. களனியின் கீழ்ப்பகுதியில் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை, அவற்றைச் சந்தேகிப்பதும் நியாயம்தான். ஆனால் மேல் தண்ணீரை மட்டும் அள்ளிச் சோதித்து, நஞ்சு இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை வந்தால் அதை நம்பத் தேவையில்லை. அடியில் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

நாலு போத்தல் தண்ணீர் ஏன்?

சரி, ஆராய்ச்சி என்றால் என்ன செய்கிறார்கள்? காக்கைதீவில், ஆற்றுவாய்க்குப் பக்கத்திலேயே, நாரா என்று சுருக்கமாகச் சொல்லும் அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. பல்கலைக்கழகங்களில் இருந்தும் மாணவர்கள் வருவார்கள். வேலை பெரும்பாலும் அலுப்பான வேலை, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது.

தண்ணீர் எடுக்கும் குழாய் ஒன்று இருக்கும், இரண்டு பக்கமும் மூடி திறந்தபடி கயிற்றில் கட்டி வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். பிறகு கயிற்றில் கோத்த ஒரு சின்ன உலோகக் குண்டை மேலிருந்து வழுக்கி விடுவார்கள். அது போய் இடித்ததும் இரண்டு மூடியும் டக்கென்று சாத்திக்கொள்ளும், அந்த ஆழத்துத் தண்ணீர் வேறு தண்ணீரோடு சேராமல் மேலே வரும். இப்படி மேல், நடு, அடி என்று எடுக்க வேண்டும். கரையில் குனிந்து போத்தலில் மொண்டால் கிடைப்பது பால் மட்டும்தான், பாணி அடியில் கிடக்கிறது.

உப்புத்தன்மையைப் பார்க்க ஒரு எளிய கருவி உண்டு, ஒரு சாண் நீளத்தில் டோர்ச் மாதிரி இருக்கும், ரிஃப்ரக்டோமீற்றர் என்பார்கள். அதன் நுனியில் உள்ள சாய்ந்த கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளே மேல்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி வெள்ளையாகவும் தெரியும், இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பின் அளவு. உப்பு கூடக் கூட ஒளி அதிகமாக வளையும், கோடும் மேலே ஏறும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும், ஒருமுறை பார்த்த பிள்ளை கருவியைத் திருப்பித் தராது.

ஒரு நாள் எடுத்த அளவு அந்த நாளுக்கு மட்டும்தான் செல்லும். பெருக்கில் எடுத்தது வற்றுக்குப் பொருந்தாது, மார்ச்சில் எடுத்தது ஜூனுக்குப் பொருந்தாது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அதனாலேயே, ஒருநாள் வந்து நாலு போத்தல் எடுத்துவிட்டு ஆற்றைப் பற்றி ஆண்டு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கொஞ்சம் எட்டத்தில் வைப்பது நல்லது.

நீர்கொழும்பில் முன்பே தெரிந்தது

ஆற்றுவாயில் இருந்து வடக்கே போனால் முத்துராஜவெல சதுப்பு, அதற்கு அப்பால் நீர்கொழும்புக் களப்பு. களப்பு என்பது கடலோடு குறுகலான வாயால் தொடர்புள்ள ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. நீர்கொழும்பில் அது சுமார் 32 சதுர கிலோமீற்றர். தெற்கில் தண்டுகம் ஓயாவும் ஜா எலவும் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும், வடக்கு வாயால் கடல் வரும்.

இங்கே பிடிபடும் இறாலின் வாழ்க்கை கொஞ்சம் விசித்திரம். தாய் இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் பெருக்கோடும் அடியால் உள்ளே வரும் ஓட்டத்தோடும் சேர்ந்து களப்புக்குள் நுழையும். அங்கே கண்டல் வேர்களுக்கும் கடற்புல்லுக்கும் இடையில் சில மாதம் தின்று வளர்ந்து, பிறகு இரவில் வற்று நீரோடு மறுபடி கடலுக்குப் புறப்படும். கண்டல் என்பது உப்பு நீரில் நின்று வளரக்கூடிய கரையோர மரம்.

இதை நீர்கொழும்புக் கடற்றொழிலாளர் எந்த ஆய்வேட்டிலும் படிக்கவில்லை. களப்பின் வாயை ஒட்டிய ஓட்டத்தில் கம்பு நட்டு, பை போன்ற வலையை உள்பக்கம் பார்த்தபடி கட்டி, இரவு வற்றில் வெளியே போகும் இறாலைப் பிடிக்கிறார்கள். கட்டுதெல் என்று அங்கே பெயர். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிடிபடாது, நல்ல இடம் உண்டு, மோசமான இடமும் உண்டு. சண்டை வராமல் இருக்க, கத்தோலிக்கப் பங்குத் தேவாலயங்களை ஒட்டிய நான்கு சங்கங்கள் முறை வைத்துச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கின்றன. யாருக்கு எப்போது எந்த இடம் என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற ஏற்பாடு. வற்று எப்போது, ஓட்டம் எந்தப் பக்கம், எந்த மாதத்தில் இறால் பருத்திருக்கும் என்று அந்தச் சங்கங்களுக்குத் தெரிந்ததை ஒரு ஆராய்ச்சி மாணவர் சொந்தமாக அளந்து கண்டுபிடிக்கப் பல வருஷம் போகும்.

மறுபக்கமும் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் இருந்ததை விட உப்பு எவ்வளவு கூடியிருக்கிறது, அடி நீரில் ஒட்சிசன் எவ்வளவு என்பதைக் கண்ணாலும் கையாலும் சொல்ல முடியாது. அதற்குக் கருவியும் எழுதி வைத்த கணக்கும் வேண்டும். இரண்டு அறிவும் ஒன்றுக்கொன்று தேவை, இதில் யார் பெரியவர் என்ற போட்டிக்கு இடமில்லை.

மக்களிடம் கொண்டுபோவது என்றால்

விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றதும் நமக்குத் தெரிந்தது பேனர், மேடை, பனிஸும் தேநீரும், கடைசியில் ஆளுக்கொரு கன்று நட்டு ஒரு படம். அந்தக் கன்றுகளுக்குப் பிறகு என்ன ஆனது என்று யாராவது பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 ஹெக்டேயரை ஒட்டித்தான்.

காரணம் பெரும்பாலும் இடம். கண்டல் கடலோரமாக எங்கு வைத்தாலும் முளைத்துவிடும் என்று நினைக்கிறோம். தண்ணீர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் மரத்தின் அடியை மூடுகிறது, எவ்வளவு உப்பு என்பதைப் பொறுத்து ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மட்டம் உண்டு, ஒரு முழம் கீழே வைத்தால் மூழ்கியே சாகும். நீர்கொழும்புக் களப்பில் மீனைக் கூட்டுவதற்காகக் கண்டல் கிளைகளைத் தண்ணீரில் நட்டு வைக்கும் முறை இருக்கிறது, அந்தக் கிளைக்காகவே கண்டல் வளர்த்த தொழிலாளரும் உண்டு. எந்த மரம் எங்கே பிடிக்கும் என்று அவர்களைக் கேட்டிருக்கலாம்.

அடுத்தது, அளந்ததைத் திருப்பிச் சொல்வது. 2021 மே 20 ஆம் திகதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்து, ஜூன் 2 ஆம் திகதி அது மூழ்கத் தொடங்கியது. கிட்டத்தட்ட 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. கரையெல்லாம் வெள்ளை மணி, மீன்பிடிக்கத் தடை, தடை இல்லாத ஊர் மீனையும் வாங்கப் பயந்து பலர் கோழிக்கும் கருவாட்டுக்கும் மாறினார்கள். அந்த நேரத்தில் மாதிரி எடுத்தவர்கள் பலர். தொழிலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: மீன் தின்னலாமா, கூடாதா? அந்தப் பதில் அவருக்கு விளங்கும் மொழியில், கொழும்பு 15 இல் உள்ள முகத்துவாரம் பகுதியில் என்றால் தமிழிலும் சிங்களத்திலும், கையில் கிடைக்கும் வரை அவரைப் பொறுத்தவரை ஆராய்ச்சி நடக்கவே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வந்தது என்பதால் அவர் பானையில் ஒன்றும் கொதிக்காது.

ஆகவே இந்த வேலைக்கு மூன்று பக்கம் இருக்கிறது: அங்கே தொழில் செய்பவரிடம் கேட்பது, மேலும் அடியும் அளப்பது, அளந்ததைக் கேட்டவரிடமே திருப்பிக் கொடுப்பது. நம் ஊரில் அடிக்கடி காணாமல் போவது மூன்றாவது.

தடுப்பு கட்டியாயிற்றே, பிறகென்ன?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அம்பத்தலேயில் தடுப்பு இருப்பதால் குழாய்க்கு உப்பு வருவது குறையும், அது உண்மை. ஆனால் தடுப்பு உப்பை இல்லாமல் ஆக்காது, அதற்குக் கீழே நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் தண்ணீர் போக வழி விட்டாக வேண்டும். மேலும் கீழும் போய்வருகிற மீனுக்கு அது ஒரு மறிப்பு.

பதிந்துபோன ஆற்றடி மறுபடி நிரம்புவதும் லேசான காரியம் இல்லை. மலையில் இருந்து வர வேண்டிய மணலில் ஒரு பங்கு காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களில் தங்கிவிடுகிறது, வருகிற மிச்சத்தையும் அள்ளுவதற்கு லொறி காத்து நிற்கிறது. அதே நீர்த்தேக்கங்களில் மின்சாரம் எடுத்து விடும் தண்ணீர்தான் வறட்சி மாதங்களில் களனிக்குக் கொஞ்சமாவது தள்ளும் பலத்தைக் கொடுக்கிறது. மவுசாகலையில் நீர்மட்டம் இறங்கியிருக்கிற வருஷத்தில் வத்தளைக்கு மேலே உப்பு ஏறினால் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.